பிரிக்கத் தெரிந்தவர் தைக்கட்டும்

ஃபேஷன் டிசைன் சொல்லித்தரும் கல்லூரிகளில் இப்போது ஒரு புதுப் பாடம் சேர்ந்திருக்கிறது. சில இடத்தில் அதன் பெயர் 'சஸ்டெய்னபிள் ஃபேஷன்', சில இடத்தில் 'சர்க்குலர் டிசைன்'. தமிழில் வட்ட வடிவமைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் செமஸ்டர் கடைசியில் ஒரு கண்காட்சியோடு அது முடியும். பழைய ஜீன்ஸில் செய்த தோள்பை, அம்மாவின் பட்டுச்சேலையில் தைத்த கவுன், ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த மேஜை விரிப்பு இதெல்லாம் வரிசையாக வைத்திருப்பார்கள். பார்க்க நல்லாத்தான் இருக்கும். பிள்ளைகளின் உழைப்பையும் குறை சொல்ல முடியாது.

எனக்கு இடறுவது வேறு ஒரு விஷயம். அந்தப் பிள்ளைகளே படித்து முடித்து வேலைக்குப் போனபிறகு வரையப்போகும் ஆயிரம் சட்டைகளில் ஒன்றையாவது பிற்காலத்தில் யாராவது பிரித்து மறுபடி நூலாக்க முடியுமா? அந்தக் கேள்வி கண்காட்சியில் வருவதே இல்லை. பழசை எடுத்து அழகாக்குவது ஒரு திறமை. பின்னாளில் பழசாகும்போது யாருக்கும் பாரமாகாதபடி புதுசைச் செய்வது இன்னொரு திறமை. வடிவமைப்பாளரின் அன்றாட வேலை இந்த இரண்டாவதுதான். நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்லித்தர முடியும் என்று நினைக்கிறேன். அதற்கான குறிப்புகள்தான் இவை.

வட்டம் எங்கே அறுகிறது

பஞ்சு நூலாகிறது, நூல் துணியாகிறது, துணி உடுப்பாகிறது, உடுப்பு குப்பையாகிறது. இது நேர்கோடு. குப்பையாகும் இடத்தில் அதை மடக்கி மறுபடி நூலுக்கோ துணிக்கோ கொண்டுவந்தால் வட்டம். சொல்ல எளிது. எல்லன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கை, உடுப்புக்காகச் செலவாகும் பொருளில் மறுபடி உடுப்பாகத் திரும்புவது 1 சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னது. மிச்சத்தில் ஒரு பகுதி துடைக்கும் துணியாக, மெத்தைக்குள் அடைக்கும் பஞ்சாக ஒரு படி கீழே இறங்கும். பெரும்பகுதி புதைகிறது அல்லது எரிகிறது.

ஏன் இவ்வளவு குறைவு? இந்தத் தொழில்நுட்பம் புதுசு ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் யார்க்‌ஷர் பக்கம் பேட்லி என்ற ஊரில் 1813-லேயே பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூலாக்கிவிட்டார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். நம்ம நாட்டில் பானிப்பட் இன்றைக்கும் பழைய கம்பளித் துணியிலிருந்து போர்வை நெய்கிறது. இயந்திரம் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. ஆனால் அந்த இயந்திரத்துக்குப் பிடித்தமான துணி வருவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சாதாரண ஆண்கள் சட்டையை எடுத்துக்கொள்வோம். லேபிளில் 'பருத்தி' என்று இருக்கும். தைத்த நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர். காலரும் கஃப்பும் விறைப்பாக நிற்க உள்ளே பசை போட்ட ஃபியூசிங். பொத்தான் பிளாஸ்டிக். லேபிளே கூட பாலியெஸ்டர் நாடா. ஒரு 'பருத்தி' சட்டைக்குள் இத்தனை சரக்கு. உடம்போடு ஒட்டி நிற்கும் பேண்ட் என்றால் துணிக்குள்ளேயே ஸ்பான்டெக்ஸ் இழை கலந்திருக்கும். 100 கிராமுக்கு 2 கிராம், 5 கிராம்தான் இருக்கும். ஆனாலும் பருத்தியைக் கிழிக்கும் பல்சக்கரத்தில் இந்த ரப்பர் மாதிரி இழை இழுபட்டுச் சுற்றிக்கொள்ளும். பருத்தியும் பாலியெஸ்டரும் நூலிலேயே கலந்துவிட்டால் கையால் பிரிக்கவே முடியாது, ரசாயனத்தில் பிரிக்கச் செலவு அதிகம்.

ஆக, அந்த உடுப்பின் கடைசிக் காலம் எப்படி இருக்கும் என்பது அது பிறக்கும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் வடிவமைப்பாளர். 'கொஞ்சம் ஸ்ட்ரெச் இருக்கட்டும்' என்று அவர் ஒரு வரி எழுதும்போது எழுதிவிட்டார்.

இதை நம்ம ஊரில் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஆக்கர் கடைக்குப் போகலாம். இரும்பு, பித்தளை, பேப்பர், பாட்டில் எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு விலை சொல்வார்கள். நான் கேட்டுப் பார்த்த கடைகளில் பழைய உடுப்புக்கு விலை சொன்னவர் யாரும் இல்லை. ஒருத்தர் சொன்னார்: "துணி எடுத்தா அதுல என்ன கெடக்குண்ணு எனக்குத் தெரியாது பாத்துக்க. தெரியாத சாதனத்துக்கு எப்படி வெலை போட?" ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் அதற்குச் சந்தை இல்லை. ஒரு மணி நேர வகுப்பில் சொல்ல வேண்டியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

வெட்டும் மேசைக் கணக்கு

உடுப்பு குப்பையாகும் முன்பே ஒரு குப்பை உண்டாகிறது. பேட்டர்னைத் துணிமேல் பரப்பி வெட்டும்போது கழுத்து வளைவு, கைக்குழி, ஓரம் என்று துண்டுகள் மிஞ்சும். சராசரியாக 15 சதவீதம் துணி இப்படிப் போகும் என்பது தொழிலில் பரவலாகச் சொல்லும் மதிப்பீடு. ஒரு சட்டைக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 100 சட்டைக்கு 200 மீட்டர். அதில் 15 சதவீதம் 30 மீட்டர். பதினைந்து சட்டைக்கான துணி தரையில் கிடக்கும். பருத்தி விளைந்த தண்ணி, சாயம் போட்ட தண்ணி, நெய்தவர் கூலி எல்லாம் அதோடு சேர்ந்து கிடக்கும்.

கட்டிங் மாஸ்டர் துண்டுகளை நெருக்கி அடுக்கி இதைக் கொஞ்சம் குறைப்பார். ஆனால் பேட்டர்னின் வடிவத்தை அவர் மாற்ற முடியாது, மாற்ற அவருக்கு அதிகாரமும் இல்லை. இந்த இடத்தில்தான் டிமோ ரிஸ்ஸானென், ஹாலி மெக்குவில்லன் போன்றவர்கள் 'ஜீரோ வேஸ்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். முதலில் படம் வரைந்துவிட்டுப் பிறகு துணியை அதற்குள் அடக்குவது வழக்கமான முறை. இவர்கள் துணியின் அகலத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதன் எல்லாப் பாகமும் உடுப்புக்குள் வரும்படி வரைகிறார்கள். இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் 2016-இல் வந்தது.

நமக்கு இது அந்நியமான யோசனை இல்லை. வட இந்தியாவின் பழைய குர்தா, செவ்வகமும் முக்கோணமுமாக வெட்டி, துணி வீணாகாமல் தைப்பது. நம்ம பாவாடை, செவ்வகத் துணியைச் சுருக்கி இடுப்புப்பட்டியில் பிடிப்பது. வேட்டிக்கும் சேலைக்கும் வெட்டே கிடையாது, தறியிலிருந்து இறங்கினால் நேரே உடம்புக்கு.

துவர்த்து ஒன்றின் ஆயுள்

திருவிதாங்கூர் காலத்தில் வடசேரி, கோட்டாறு பக்கம் தறிச் சத்தம் கேட்ட தெருக்கள் நிறைய. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராம வர்மா காலத்தில் பாலராமபுரத்தில் குடியேற்றப்பட்ட நெசவாளர்கள் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து போனவர்கள் என்பது அந்த ஊரின் வரலாறு. கேரளத்துக்குப் பெருமை தேடித்தந்த அந்த மெல்லிய வேட்டிக்கும் நேரியலுக்கும் நம்ம பக்கத்துக் கை ஒன்று உண்டு.

அந்தப் பருத்தித் துணி ஒரு வீட்டுக்குள் எப்படி வாழ்ந்தது என்று பெரியவர்களிடம் கேட்டால் ஒரு பட்டியல் வரும். புது வேட்டி முதலில் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். நிறம் மங்கினால் வீட்டில் உடுக்க. நைந்துபோனால் பிறந்த குழந்தையைப் பொதிய. புதுத்துணி குத்தும், பழைய பருத்திதான் பிஞ்சு உடம்புக்கு இதம். துவர்த்து கிழிந்தால் அடுக்களையில் கரித்துணி. அதுவும் போனால் கிழித்துத் திரி. கடைசியில் சாம்பலாகவோ மண்ணாகவோ போய்விடும், தென்னை மூட்டில் போட்டாலும் மிச்சம் இருக்காது. ஒவ்வொரு படியிலும் அதற்கு ஒரு வேலை இருந்தது. முழுக்க ஒரே இழை, அது பருத்தி என்பதால்தான் இது நடந்தது. பாலியெஸ்டர் கலந்த துணி தண்ணியைச் சரியாக உறிஞ்சாது, அடுப்பில் பட்டால் உருகிக் கையில் ஒட்டும். அதைக் கரித்துணியாக்க முடியாது.

தைத்த உடுப்பிலும் இந்தப் புத்தி இருந்தது. சின்னப் பெண்பிள்ளைகளின் பாவாடையில் இரண்டு மூன்று டக் வைத்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர வருஷத்துக்கு ஒரு டக் பிரிப்பார்கள். ஜாக்கெட்டில் பக்கத் தையலுக்கு உள்ளே விரல் அகலம் துணி விட்டிருக்கும், உடம்பு பெருத்தால் பிரித்துவிடலாம். நாகர்கோவிலில் முப்பது வருஷத்துக்கு மேல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி ஒருத்தரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது:

"இப்பம் ரெடிமேட கொண்டுவந்து கொஞ்சம் லூசாக்கித் தாங்கண்ணு சொல்லுவாவ தம்பி. உள்ள பாத்தா ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டியிருக்கும். விடுறதுக்குத் துணி எங்க இருக்கு? அதத் தச்சவனுக்கு இது ஒருநாள் திரும்பி ஒரு தையல்காரன்கிட்ட வருமுண்ணு நெனப்பே இல்ல பாத்துக்க."

வட்ட வடிவமைப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வரும் என்ற நினைப்போடு தைப்பது, அவ்வளவுதான்.

பழம்பெருமையில் ஒரு சிக்கல்

இந்த இடத்தில் பலர் செய்வது, 'நம்ம முன்னோர் எல்லாம் அறிந்தவர்கள், வெட்டாத துணிக்கே திரும்புவோம்' என்று முடித்துவிடுவது. கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியாது. தைத்த உடுப்புக்காக அடிபட்டவர்களின் மண் இது.

1820களிலிருந்து 1859 வரை இங்கே நடந்த தோள்சீலைப் போராட்டம் பலருக்குத் தெரிந்திருக்கும். நாடார் பெண்கள் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைப்பது மேல்சாதியாருக்கு அவமரியாதை என்று கருதப்பட்ட காலம். குப்பாயம் என்ற தைத்த சட்டை போட்டவர்கள் சந்தையில் தாக்கப்பட்டார்கள், உடை கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 அன்று வந்த திருவிதாங்கூர் அரச பிரகடனம் நாடார் பெண்கள் சட்டை போடலாம், முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுக்கும் முறையில் உடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான். யார் எந்த வெட்டில், எந்தச் சுற்றில், எவ்வளவு நயமான துணி உடுக்கலாம் என்று சொன்ன அரசாணை அது. ஒருவகையில் அது ஒரு டிசைன் சட்டம்.

ஆகவே இங்கே ஒரு பாட்டியிடம் போய் 'புதுசு வாங்காதீங்க, பழசே போதும்' என்று சொல்லும்முன் நூறு தடவை யோசிக்கணும். அவருக்குப் புதுச்சேலை என்பது வெறும் நுகர்வு மட்டும் இல்லை. துவர்த்து திரியானதிலும் பாதி சிக்கனம், பாதி இல்லாமை. இல்லாமையைப் பண்பாடு என்று பாடப்புத்தகத்தில் எழுதிவிடக் கூடாது.

இரண்டாவது உதாரணம் நம்ம கடற்கரையிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் இருந்து தமிழ்நாட்டுக் கடற்கரைக்குப் பழைய துணி லாரி லாரியாக வந்தது. உடுக்க முடியாத துணி, அந்த ஊர்ப் பெண்கள் உடுத்தவே உடுத்தாத உடை என்று குவிந்து சாலையோரம் கிடந்தது. உதவி என்ற பெயரில் தங்கள் அலமாரியின் கழிவை இன்னொருவர் வாசலில் கொட்டியது போல ஆயிற்று. அன்ஷு குப்தாவின் 'கூஞ்ச்' அமைப்பு அப்படிக் கிடந்த துணிகளைச் சேகரித்துத் தரம் பிரித்து வேறு பயன்பாட்டுக்கு அனுப்பியது. இப்போது ஆப்பிரிக்காவில் கானாவின் கன்டமன்டோ சந்தைக்குப் பணக்கார நாடுகளின் பழைய துணி பொதி பொதியாக வந்து இறங்குவதும் இதே கதையின் பெரிய வடிவம்.

அதே சுனாமியிலிருந்து இன்னொரு பாடமும் உண்டு. ஆரோவில்லில் உபாசனா என்ற வடிவமைப்புக் கூடத்தை நடத்தும் உமா பிரஜாபதி, 2005-இல் மீனவக் கிராமப் பெண்களுக்கு உடுப்புத் தயாரிப்பில் மிஞ்சும் துண்டுத் துணியில் விரலளவு பொம்மை செய்யச் சொல்லிக்கொடுத்தார். அதன் பெயர் சுனாமிகா. பொம்மை விற்பனைக்கு இல்லை, பரிசாகக் கொடுக்கப்படும். செய்த பெண்களுக்குக் கூலி நன்கொடையிலிருந்து போகும். இங்கேயும் மிச்சத் துணிதான். ஆனால் அது யார் கைக்கு எப்படிப் போனது, அந்தக் கைக்கு என்ன கிடைத்தது என்பதில் எல்லாம் மாறிவிட்டது. வடிவமைப்பு மாணவர்கள் இந்த இரண்டு சம்பவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கணும்.

லேஸ் பின்னல் சொல்லித்தருவது

நாகர்கோவிலில் 1820களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகள் பள்ளியில் லேஸ் பின்னலைத் தொடங்கினார். விற்ற பணம் பள்ளிக்கும் பிள்ளைகளுக்கும் உதவியது. பிறகு இந்த வட்டாரம் முழுக்க லேஸும் எம்பிராய்டரியும் பரவி, பல தலைமுறைப் பெண்களுக்குக் கைக்காசு தந்தது.

திண்டு மேல் குண்டூசி குத்தி, சின்னக் கட்டைகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுச் செய்வது அந்த லேஸ். அதில் வெட்டு கிடையாது. தேவையான வடிவத்துக்கு நூலே வளர்கிறது, நுனி நூலைத் தவிர மிச்சம் விழாது. இன்றைக்கு 'முழு வடிவப் பின்னல்' என்று பெரிய இயந்திரத்தில் ஸ்வெட்டரைத் தையலே இல்லாமல் இறக்குகிறார்களே, கொள்கை அதேதான். இன்னொரு விஷயம், ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் லேஸ் உடுப்பைவிட விலை உயர்ந்தது. உடுப்பு கிழிந்தால் லேஸைப் பிரித்து அடுத்த உடுப்பில் தைப்பார்கள். அதனால் பிரிக்கும்படியாகவே தைத்தார்கள். அலங்காரம் ஒரு ஆயுள், துணி ஒரு ஆயுள் என்று இரண்டையும் தனித்தனியாக யோசித்த வடிவமைப்பு அது. இன்று துணியோடு உருக்கி ஒட்டும் கல், சமிக்கி வேலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருப்பூர் ஏன் கவனிக்கிறது

நம்ம பிள்ளைகள் படித்துவிட்டு வேலைக்குப் போகும் ஊர்களில் திருப்பூர் ஒன்று. அங்கே இந்தப் பேச்சு நிர்ப்பந்தத்தில் வந்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணித் தொட்டியாகி, விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் மூடிக் கிடந்தன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அதன் பிறகுதான் தண்ணியையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது.

அதைவிடப் பழைய ஒரு வட்டமும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது, யாரும் அதற்குப் பெரிய பெயர் வைக்கவில்லை. பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துண்டை 'பனியன் வேஸ்ட்' என்று கிலோ கணக்கில் வாங்கி, நிறவாரியாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, கோவை, திருப்பூர் வட்டாரத்து ஓ.இ. மில்களில் மறுபடி நூலாக்குகிறார்கள். சிவப்புத் துண்டிலிருந்து சிவப்பு நூல். சாயம் போடத் தேவையில்லை, அதனால் சாயக்கழிவும் இல்லை. கிழிக்கும்போது இழை குட்டையாகிவிடும் என்பதால் புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ கொஞ்சம் சேர்ப்பார்கள். அந்த மில்லின் நிறம் பிரிக்கும் மேசையில் உட்காரும் பெண்ணுக்கு எந்தத் துணி உதவும், எந்தத் துணி தொல்லை என்று கை வைத்த உடனே தெரியும். அவர் தூக்கி எறியும் துண்டுகளில்தான் வடிவமைப்பாளருக்கான பாடம் இருக்கிறது.

இனி இது விருப்பப் பாடமாக இருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலைத்த பொருள்களுக்கான வடிவமைப்பு விதி 2024 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு பொருள் எவ்வளவு காலம் உழைக்கும், பழுது பார்க்க முடியுமா, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரங்களைச் சுமக்கும் டிஜிட்டல் பாஸ்போர்ட் படிப்படியாக வரப்போகிறது. விற்காத உடுப்புகளைப் பெரிய கம்பெனிகள் அழிப்பதற்கு 2026 ஜூலையிலிருந்து தடை என்றும் அந்த விதி சொல்கிறது. ஆக்கர் கடைக்காரர் கேட்ட அதே கேள்வியை இனி சுங்கச்சாவடி கேட்கும்: இதுக்குள்ள என்ன கெடக்கு?

வகுப்பில் என்ன செய்யலாம்

மெக்ஆர்தர் அறக்கட்டளை 2019-இல் ஜீன்ஸுக்கு ஒரு வழிகாட்டி போட்டது. எடையில் குறைந்தது 98 சதவீதம் பருத்தி போன்ற செல்லுலோஸ் இழையாக இருக்கணும், வீட்டில் 30 தடவை துவைத்தாலும் தாங்கணும், உலோக ரிவெட்டைத் தவிர்க்கணும் அல்லது குறைக்கணும். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம், 'இயற்கையை நேசி' என்று சொல்லாமல் எண்ணிலும் பொருளிலும் பேசியது. அந்த மாதிரி நம்ம ஊர் வசதிக்குள் ஆறு பயிற்சிகளை எழுதிப் பார்த்தேன்.

1. பிரிப்பு. முதல் வாரம் யாரும் தைக்கக் கூடாது. ஆளுக்கொரு பழைய ரெடிமேட் சட்டையைத் தையல் தையலாகப் பிரித்து, துணி, நூல், ஃபியூசிங், பொத்தான், லேபிள் என்று தனித்தனியாக எடை போடணும். பிரிக்க எத்தனை நிமிஷம் ஆனது என்றும் எழுதணும். அந்த நிமிஷம்தான் அந்த உடுப்பின் மதிப்பெண். சூடாக்கினால் கரைந்து விடும் தையல் நூலை பெல்ஜியத்தில் ரிசார்டெக்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கியது இந்த நிமிஷத்தைக் குறைக்கத்தான்.

2. தீ சோதனை. ஒவ்வொரு துணியிலும் இரண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணி வாளிக்கு மேல் வைத்துக் கொளுத்திப் பார்க்கணும். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுத்த கெட்டி மணியாகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் வாடை தரும். பிறகு லேபிளோடு ஒப்பிடணும்.

3. தரைக் கணக்கு. ஒரு உடுப்பை வெட்டி, கீழே விழுந்த துண்டை எடை போட்டு, அதே உடுப்பை விழும் துண்டு பாதியாகும்படி மறுபடி வரையணும். அழகு குறையக் கூடாது.

4. விட்டுத் தைத்தல். ஆறு வயதில் போட்டு ஒன்பது வயது வரை போடக்கூடிய ஒரு பள்ளிச் சீருடை. டக், மடிப்பு, உள்விடுப்பு எல்லாவற்றையும் ஒரு மூத்த தையல்காரரிடம் போய்க் கற்றுக்கொள்ளணும். தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்ட மாணவர்களுக்கு வருஷம் 4 செட் விலையில்லாச் சீருடை, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தைத்துக் கொடுக்கப்படுகிறது. அந்த வெட்டில் ஒரு நல்ல மாற்றம் செய்தால் எத்தனை லட்சம் உடுப்பில் அது பலிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபேஷன் ஷோவில் அந்த வீச்சு கிடைக்காது.

5. கடைசி இடம். ஒரு நாள் ஆக்கர் கடை, ஒரு நாள் பேரூராட்சியின் குப்பை பிரிக்கும் கூடம், முடிந்தால் ஒரு நாள் ஓ.இ. மில். அங்கே பிரிக்கிறவர்களை 'ரிசோர்ஸ் பர்சன்' என்று பதிவேட்டில் எழுதி, கல்லூரிக்கு வரும் சிறப்பு விரிவுரையாளருக்குக் கொடுக்கும் மதிப்பூதியத்தையே கொடுக்கணும். அவருடைய அறிவை இலவசமாக எடுத்துக்கொண்டு நாம் மட்டும் சான்றிதழ் வாங்கிக்கொண்டால் அது நியாயம் இல்லை.

6. கூலிச் சீட்டு. ஒட்டுத்துணிப் பை ஒன்றுக்குப் பிரிக்க, கழுவ, தேய்க்க, சேர்க்க, தைக்க 6 மணிக்கூர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கூருக்கு 75 ரூபாய் என்றால் கூலி மட்டும் 450. அந்தப் பையை 300 ரூபாய்க்கு விற்கும் மாணவர், தன் உழைப்பையோ இன்னொரு பெண்ணின் உழைப்பையோ கணக்கில் விட்டுவிட்டார். துணி மிச்சமானது, ஆள் செலவானார். லேஸ் பின்னிய கண்களின் பிள்ளைகளிடம் இதை மறுபடி செய்யக் கூடாது.

பச்சை வார்த்தைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை

நம்ம மாவட்டம் வாழைக்கும் தென்னைக்கும் பனைக்கும் பேர்போனது. 'வாழைநார் துணி' என்று சொன்னாலே ஒரு மரியாதை வருகிறது. சென்னைப் பக்கம் அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரைச் சேர்த்துச் சேலை நெய்து காட்டியிருக்கிறார்கள், அது பெரிய திறமை. ஆனால் நார் முரடு. பை, விரிப்பு, திரைக்கு இயல்பாகப் பொருந்தும். உடுப்புக்கு மென்மையாக்கணும் அல்லது வேறு இழையோடு சேர்க்கணும். எதோடு சேர்த்தோம் என்பதில்தான் விஷயம். பருத்தியோடு என்றால் கடைசியில் மண்ணுக்குப் போகும். பாலியெஸ்டரோடு என்றால் வாழையின் பெயர் மட்டும்தான் மிச்சம்.

மூங்கில் துணியும் அப்படித்தான். கடையில் மென்மையாகத் தொங்குவது பெரும்பாலும் மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான். அதை 'மூங்கில்' என்று விற்ற சில கம்பெனிகள்மேல் அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009-லேயே நடவடிக்கை எடுத்தது. பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த டி-ஷர்ட் என்பதும் முழு வட்டம் இல்லை. பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம், டி-ஷர்ட் ஆனபிறகு பெரும்பாலும் அதோடு கதை முடிந்தது.

இயற்கைச் சாயத்துக்கு நம்ம பக்கம் நல்ல வாய்ப்பு இருக்கிறது. மர அறுவை மில்லில் கிடைக்கும் பலாத்தூளைக் கொதிக்க வைத்துப் படிகாரம் சேர்த்தால் பருத்தியிலும் பட்டிலும் மஞ்சள் ஏறும். புத்த பிக்குகளின் துவராடைக்கு அந்த நாளில் பயன்பட்ட மரம் அது. பருத்தியை முதலில் கடுக்காய்த் தண்ணியில் ஊற வைத்தால் நிறம் இன்னும் நன்றாகப் பிடிக்கும். இங்கேயும் பார்க்க வேண்டியது, சாயம் பிடிக்க வைக்க என்ன போடுகிறோம் என்பதை. படிகாரம் சரி. குரோமியம் உப்பைப் போட்டுவிட்டு 'இயற்கை' என்று லேபிள் ஒட்டினால் அந்தத் தண்ணி பழையாற்றுக்குத்தான் போகும்.

இத்தனையும் ஒரு செமஸ்டரில் அடங்குமா என்று கேட்டால், முதல் பயிற்சி ஒன்றை மட்டுமாவது செய்து பார்க்கலாம் என்பேன். ஒரு பிளேடும், சமையலறைத் தராசும், ஒரு பழைய சட்டையும் போதும். கல்லூரிக்குப் போகாதவர்களும் வீட்டில் செய்யலாம். ஒரு சட்டையை முழுசாகப் பிரித்தவர், அடுத்த தடவை கடையில் சட்டை எடுக்கும்போது முதலில் அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பார். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது, எதைக் கொண்டு தைத்திருக்கிறது என்று பார்ப்பார். வாங்குகிறவர்கள் உள்பக்கம் பார்க்கத் தொடங்கினால், வரைகிறவர்களும் பார்த்துத்தான் ஆகணும்.

பலாத்தூள் சாயத்தை எந்த அளவில், எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது என்பதைத் தனிக் குறிப்பாக எழுதுகிறேன்.